வலைப்பதிவும் நாமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'லாக் புக்' என்ற சொல் புதிதன்று. இயந்திரத்தின் அருகே ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கும். ஷிப்டு முடித்துப் போகிறவர், தம் எட்டு மணி நேரத்தில் எத்தனை உருப்படி ஓடியது, எப்போது மின்சாரம் நின்றது, எந்தப் பெல்ட் அறுந்தது என்பதையெல்லாம் அதில் எழுதிக் கையொப்பமிட்டுச் செல்வார். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொடுவார். இன்று பல ஆலைகளில் அந்த நோட்டு கணினித் திரைக்கு மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. இக்கட்டுரையின் பொருளாகிய 'வலைப்பதிவு', அதாவது ஆங்கிலத்தார் 'பிளாக்' என்று அழைப்பது, இந்த லாக் புக்கின் பேரப்பிள்ளை என்றால் நண்பர்கள் வியப்படையக் கூடும்.

'லாக்' என்றால் மரக்கட்டை. அக்காலக் கப்பலோட்டிகள் கப்பலின் வேகத்தை அறிய, சம இடைவெளிகளில் முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முடிச்சுகள் கையைவிட்டு நழுவுகின்றன என்று எண்ணுவார்கள். (கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்', அதாவது முடிச்சு, என்ற அலகால் அளப்பது இதனால்தான். நம் பாடப் புத்தகம் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம்.) அந்தக் கணக்கை எழுதி வைத்த ஏடு 'லாக் புக்' ஆயிற்று. பின்னர் கப்பலில் அன்றாடம் நடப்பவை யாவும் அந்த ஏட்டில் ஏறின.

1997ஆம் ஆண்டு டிசம்பரில், ஜோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர், இணையத்தில் தாம் படித்தவற்றை நாள்தோறும் குறித்து வைத்த தம் பக்கத்துக்கு 'வெப்லாக்' என்று பெயர் சூட்டினார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அச்சொல்லை வேடிக்கையாகப் பிரித்து 'வீ பிளாக்' என்று எழுதினார். விளையாட்டாகப் பிரித்த சொல் நிலைத்துவிட்டது.

சரி, பொருளுக்கு வருவோம். வலைப்பதிவு என்பது ஒரு தனி மனிதர், அல்லது ஒரு சிறு குழுவினர், தாம் எழுதியதைத் தேதியிட்டு இணையத்தில் வைக்கும் ஏடு. தபால் கட்டில் புதிதாய் வந்த கடிதம் மேலே இருப்பது போல, கடைசியாக எழுதியது முதலில் நிற்கும். பழையவை கீழே போகுமே தவிர மறையா. ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியைக் கொடுத்தால், ஐந்தாண்டு கழித்தும், துபாயில் இருப்பவரும் அதே பக்கத்தைத் திறந்து படிக்கலாம். படித்தவர் தம் கருத்தை அதன் அடியிலேயே எழுதலாம். அதற்கு எழுதியவர் மறுமொழி தரலாம். இருபத்து நான்கு மணி நேரத்தில் அழிந்துபோகும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வலைப்பதிவு ஆகாது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இணையத்தில் நாட்குறிப்பு எழுதியவர்கள் அதற்கு முன்பும் உண்டு. அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால் 1994லேயே எழுதத் தொடங்கினார். ஆனால் அன்று பக்கம் அமைக்க எச்.டி.எம்.எல். என்ற குறிமொழி தெரிந்திருக்க வேண்டும். 1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் 'பிளாக்கர்' என்ற சேவையைத் தொடங்கியது. ஒரு பெட்டியில் எழுத வேண்டியது, ஒரு பொத்தானை அழுத்த வேண்டியது, அவ்வளவுதான். 2003 பிப்ரவரியில் அதைக் கூகுள் வாங்கிற்று. அதே ஆண்டு மே மாதம் 'வேர்ட்பிரஸ்' வந்தது. அச்சகமும் வேண்டாம், முதலும் வேண்டாம் என்ற நிலை அப்போதுதான் உண்மையாக ஏற்பட்டது.

ஆங்கிலத்தாருக்கு இது போதும். தமிழருக்கு இன்னொரு மதிலும் இருந்தது. கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். 1990களில் தமிழ் எழுத்துகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் எண் கொடுத்து வைத்திருந்தது. ஒரு பத்திரிகையின் பக்கத்தைப் படிக்க அந்தப் பத்திரிகையின் எழுத்துருவை இறக்கிப் பதிய வேண்டும். பதியாவிட்டால் திரையில் தெரிவது வாயில் நுழையாத கோலம். 'யூனிகோட்' என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'அ' என்றால் 2949; 'க' என்றால் 2965. 'கி' என்பதற்குத் தனி எண் இல்லை. 2965உம், கொக்கிக்குரிய 3007உம் அடுத்தடுத்து நிற்கும். 1991லேயே இந்த இடம் கிடைத்துவிட்ட போதிலும், சாதாரணக் கணினிகள் அதைச் சரியாகக் காட்டத் தொடங்கியது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தன் பயன்பாட்டுக்கு ஏற்றது.

இங்கே அரசுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் முன்பாக உழைத்தவர்களை நினைக்க வேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' என்ற மென்பொருளை 1980களிலேயே உருவாக்கினார். பின்னாளில் தன்னார்வலர்கள் 'எ-கலப்பை' என்ற தட்டச்சு மென்பொருளை இலவசமாகவே கொடுத்தார்கள். பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகளைப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் செய்து கொடுத்தார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த முனைவர் கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார். இவற்றில் பெரும்பகுதி, கூலி எதிர்பாராமல், வேலை முடித்து வந்த இரவுகளில் செய்யப்பட்டவை.

2003ஆம் ஆண்டு தமிழில் வலைப்பதிவுகள் முளைத்தன. 'வலைப்பூ' என்றும் செல்லமாக அழைத்தார்கள். பதிப்பாளர் பத்ரி சேஷாத்ரி போன்றோர் அப்போதிருந்தே எழுதியவர்கள். ஆனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவது எவ்வாறு? சந்தையில் ஆயிரம் கடை இருந்தும் பெயர்ப் பலகை இல்லாத நிலை. 2004இல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்ற திரட்டியைத் தொடங்கினார். தமிழில் யார் புதிதாக எழுதினாலும் தலைப்பும் முதல் சில வரிகளும் அங்கே வந்து நிற்கும். வாரம் ஒரு பதிவரை 'நட்சத்திரம்' ஆக்கி முகப்பில் வைப்பார்கள். டொரான்டோவில் இருப்பவரும் திருநெல்வேலியில் இருப்பவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சண்டை பிடித்தார்கள் என்று சொன்னால் பொருந்தும். சண்டைகள் ஏராளம், அவற்றில் சில படிக்கத் தக்கவை அல்ல. 2012இல் சென்னையிலும், 2014இல் மதுரையிலும், 2015இல் புதுக்கோட்டையிலும் பதிவர்கள் நேரில் கூடி விழாவே எடுத்தார்கள்.

இனி, ஏன் எழுதுகிறார்கள் என்ற கேள்வி. எழுதும் ஆசை இணையத்தோடு பிறந்ததன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 செப்டம்பர் 6 முதல், 1761இல் இறக்கும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி விலை, துய்ப்ளேக்ஸின் கோபம், ஊர் வதந்தி எல்லாம் அதில் உண்டு. அவர் காலத்தில் அதைப் படித்தவர் யார்? 1846இல் கால்வா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்த பிறகே உலகம் அதை அறிந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்து முடிந்தது 1928இல். எழுதியதற்கும் படிக்கப்பட்டதற்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல்! வலைப்பதிவில் அந்த இடைவெளி ஒரு நிமிடம். நாட்குறிப்பு பெட்டிக்குள் பூட்டப்படுவது. வலைப்பதிவு திண்ணையில் வைக்கப்படுவது. திண்ணையில் வைத்துப் பேசுகிறோம் என்று தெரிந்தால் பேச்சே மாறிவிடும். அதனால்தான் வலைப்பதிவை நாட்குறிப்பு என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. நம் முன்னோர் கிராமங்களில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைக்கே அது நெருங்கிய உறவு.

பணத்துக்காக எழுதுகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். தமிழைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறு. கூகுளின் விளம்பரச் சேவை 2003லேயே வந்திருந்தாலும், தமிழ்ப் பக்கங்களுக்கு அதன் முறையான ஆதரவு 2018இல்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் எழுதிக் குவித்தவர்கள் எதற்காக எழுதினார்கள்?

சிலர் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல. சமையல், பங்குச் சந்தை, கல்வெட்டு, பழைய திரைப்பாடல், கணினி நுட்பம் என்று அதற்கு எல்லையே இல்லை. சிலர் இழந்த ஊரைத் திரும்பக் கட்ட. போரினால் ஊரைவிட்டுப் போன ஈழத்தமிழர்கள் தம் தெருவையும் பள்ளிக்கூடத்தையும் எழுத்தில் மீட்டார்கள். சிலர் ஆசிரியர் ஒருவரின் அனுமதிக்குக் காத்திராமல் எழுத. ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற பெயரில் 2014 ஜனவரி முதல் நாள் தொடங்கி 2020 ஜூலை வரை, நாளுக்கு ஓர் அத்தியாயமாக, 26 நாவல்களாகத் தம் இணையதளத்தில் யாரும் காசின்றிப் படிக்கும்படி எழுதினார். எந்த வார இதழ் அத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கும்?

சிலர் வேறு வழியில்லாமல் எழுதினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, இந்தியப் பதிவர்கள் சிலர் கூடி ஒரு வலைப்பதிவைத் தொடங்கினர். காணாமற்போனோர் விவரம், எங்கே என்ன உதவி தேவை, எந்தத் தொலைபேசி எண் வேலை செய்கிறது என்பவற்றை அது இரவு பகலாகத் தொகுத்துத் தந்தது. 2009 ஜனவரியில், பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போகக் கூடாதென்று தாலிபான்கள் தடுத்த நாட்களில், பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி 'குல் மகாய்' என்ற புனைபெயரில் பி.பி.சி. உருது தளத்தில் எழுதினாள்.  அவள் தந்ததைச் செய்தியாளர் வழியாக ஏற்றினார்கள். அவள்தான் 2014இல் நோபல் பரிசு பெற்ற மலாலா.

இவ்வளவும் உலகக் கதை. நம் எல்லைப்புறத்துக்கு இது எதற்கு?

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. பக்கத்து வீட்டில் கன்னடம். பள்ளியில் படித்ததும் எழுதுவதும் தமிழ். ஒரே தெருவில் ஒரே கேழ்வரகு மாவு, ஒரு வீட்டில் களி, இன்னொன்றில் முத்தே, எங்கள் வீட்டில் சங்கட்டி. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. பெயர்ப் பலகையின் எழுத்தே மாறிவிடும். நம் பகுதியைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வருவதெல்லாம் புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டும்போது, அல்லது தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் யானைக் கூட்டம் கேழ்வரகுக் கொல்லையில் இறங்கும்போது. ரோஜாப் பண்ணையில் வேலைக்குப் போகும் பெண்கள் காலை எத்தனை மணிக்கு வேனில் ஏறுகிறார்கள், மாம்பழக் கூழ் ஆலைகளில் சீசன் முடிந்ததும் அந்த ஆட்கள் எங்கே போகிறார்கள் என்பதை எழுத எந்த நிருபரும் வருவதில்லை. எழுதத் தக்கவர் இங்கே இல்லை என்பதும் இல்லை. ஓசூரிலிருந்து எழுதும் ஆதவன் தீட்சண்யா 'புதுவிசை' இதழை நடத்தியவர். தம் கதைகளையும் கட்டுரைகளையும் வலைப்பதிவிலும் ஏற்றி வந்திருக்கிறார். ஆனால் ஓர் ஊருக்கு ஓர் எழுத்தாளர் போதுமா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன்பு எங்கள் வீட்டில் எவரும் எழுதி மற்றவர் படித்ததாக ஏதாவது உண்டென்றால், அது என் நாயனா லாக் புக்கில் எழுதியவைதான். பதினான்கு ஆண்டுகளாக அவர் ஒப்பந்தத் தொழிலாளி. ஏழாம் வகுப்பு வரை படித்தவர். ஷிப்டு எழுத்தில் அவர் கெட்டிக்காரர். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, ஒரே கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும், பழையதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவருக்குக் கற்பிக்கப்பட்ட விதி. நல்ல வலைப்பதிவர்கள் உலகெங்கும் பின்பற்றும் வழக்கமும் அதுவே! திருத்தினால் திருத்தியது தெரியும்படி கோடிட்டுக் காட்டுவார்கள். இதை நாயனாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பின்னே எப்படி எழுதுவார்கள் என்று கேட்டார்.

முதலாண்டு கோடை விடுமுறையில் நானும் ஒரு வலைப்பதிவு தொடங்கினேன். 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் வரும் 1000 ரூபாயில்தான் போனுக்கு ரீசார்ஜ். இதுவரை பதினொரு பதிவுகள். எங்கள் ஊர் எருது விடும் விழா, ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் நடுகல், பாட்டி கேழ்வரகு அடிக்கும்போது சொல்லும் தெலுங்குச் சொற்களின் பட்டியல், இவைதான் பொருள். படிப்பவர் நாளுக்கு ஐந்தாறு பேர். அந்தச் சொற்பட்டியலுக்கு ஒருவர் கீழே மறுமொழி எழுதியிருந்தார். தாம் முப்பது ஆண்டுக்கு முன் இந்தப் பக்கத்திலிருந்து வேலை தேடி வடக்கே போனவர் என்றும், நான் விட்டுப்போன நான்கு சொற்கள் தமக்கு ஞாபகம் இருப்பதாகவும் சொல்லி அவற்றைச் சேர்த்திருந்தார். எத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கைப் பார்ப்பதை அன்றோடு விட்டேன்.

ஆலையைப் பற்றி நான் எழுதவில்லை. எழுதத் தோன்றாமல் இல்லை. எங்கள் தெருவில் ஓர் அண்ணன், வேலை செய்த இடத்துக் கேன்டீன் சாப்பாட்டைப் பற்றித் தம் சொந்தப் பெயரில் இணையத்தில் எழுதினார். படம் கூடப் போடவில்லை. குழம்பைப் பற்றிப் பத்து வரி. அடுத்த மாதம் ஒப்பந்தக்காரர் அவரை வர வேண்டாம் என்றார். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று யாரும் எழுத்தில் கொடுக்கவில்லை. அந்த ஆலை எது என்று நானும் இங்கே எழுதப்போவதில்லை. நாயனா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: தமக்கு வேலை இருக்கும் வரை என் பெயரும் அவர் கம்பெனியும் ஒரே பக்கத்தில் வரக்கூடாது. இக்கட்டுரையில் என் வகுப்பை மட்டும் இட்டிருப்பதற்கும் அதுவே காரணம்.

அவர் பயம் வீண் பயமன்று. சவூதி அரேபியாவில் ரைஃப் பதாவி என்ற பதிவருக்கு 2014இல் பத்தாண்டுச் சிறையும் ஆயிரம் கசையடியும் விதித்தார்கள். 2015 ஜனவரியில் ஐம்பது அடி பொதுவிடத்தில் கொடுக்கவும் செய்தார்கள். அதற்கு அடுத்த மாதம் டாக்காவில் அவிஜித் ராய் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். நம் நாட்டில் நிலைமை அவ்வளவு மோசமில்லை எனினும், 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பின் சில பக்கங்களைத் தடுக்கச் சொன்னதற்கு, இணைய நிறுவனங்கள் பிளாக்கர் பதிவுகள் அனைத்தையுமே சில நாட்கள் மூடிவிட்டன. இணையத்தில் 'எரிச்சலூட்டும்' செய்தி இட்டால் கைது செய்ய வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாதென அறிவித்தது. அவதூறுச் சட்டம் இன்றும் உண்டு. ஆகவே புனைபெயர் கோழைத்தனம் என்று கேலி செய்யும் நண்பர்களிடம் நான் உடன்படவில்லை. கூலி வாங்குகிறவனுக்கும் கூலி கொடுக்கிறவனுக்கும் சொந்தப் பெயரின் விலை ஒன்றல்ல. புனைபெயரில் நின்று பிறரைத் தூற்றுவது வேறு. அதற்கு நான் வாதாட வரவில்லை.

முகநூல் வந்த பின் பதிவர்களில் பெரும்பகுதியினர் அங்கே போய்விட்டார்கள். அங்கே எழுதினால் உடனே நூறு பேர் கைதட்டுவார்கள்; மூன்றாம் மாதம் அதைத் தேடினால் எழுதியவருக்கே கிடைப்பது அரிது. பதிவுகளைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடரும் 2013 ஜூலையில் மூடப்பட்டது. வலைப்பதிவு தேடினால் கிடைக்கும். ஆயினும் அதுவும் இரவல் இடம்தான் என்பதை மறக்கக் கூடாது. இலட்சக்கணக்கானோர் தம் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸை 2009இல் யாகூ மூடியபோது, முன்கூட்டிப் படி எடுக்காதவர்கள் பாடு என்னவாயிற்று? 1996இல் தொடங்கப்பட்ட இணைய ஆவணக் காப்பகம் இயன்றதைச் சேமித்தது, எல்லாவற்றையும் அல்ல. ஆனந்தரங்கப் பிள்ளையின் காகிதம் நெடுங்காலம் பெட்டியில் கிடந்தும் படிக்கக் கிடைத்தது.

ஆதலால் எழுதத் தொடங்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் விரல் திணறும், பிறகு கை தானே ஓடும். பிளாக்கரிலும் வேர்ட்பிரஸிலும் எழுதிய அனைத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. செமஸ்டருக்கு ஒருமுறை அதைச் செய்து பென் டிரைவில் வையுங்கள். அதோடு காகிதத்திலும் ஒரு படி அச்சிட்டு வைக்கலாம். நான் போகும் ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். இருபுறமும் எடுத்தால் மூன்று.